எல்லாரும் கை தூக்கிய வகுப்பு

உப்பளத்துப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஒரு பெயர் உண்டு. அறிவியல் டீச்சர் கேள்வியைக் கேட்டு வாயை மூடுவதற்குள் அந்த வகுப்பில் அத்தனை கைகளும் மேலே போய்விடும். முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்ற பேதமே கிடையாது. பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா மருந்து வெச்சீங்க செல்வி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

செந்தமிழ்ச்செல்விக்கு அந்தக் கேள்வி தேனாய் இனிக்கும். "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பயத்தை எடுத்துட்டேன், அவ்ளோதான்" என்பாள். சொல்லிவிட்டு, கேட்டவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அதே சிரிப்போடு நின்றுகொண்டிருப்பாள்.

அவளுடைய பெருமையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய வலி இருந்தது. செல்வியின் அப்பா மில் தொழிலாளி. அவள் இதே ஏழாம் வகுப்பில் படித்தபோது, காற்றுக்கு எடை உண்டா என்று வாத்தியார் கேட்க, ஆசையாகக் கையைத் தூக்கி, "காத்துக்கு ஏது சார் எடை?" என்று சொல்லிவிட்டாள். தூக்கின கையை மணி அடிக்கிற வரைக்கும் இறக்கக் கூடாது என்று வாத்தியார் நிற்க வைத்தார். வகுப்பே சிரித்தது. கை மரத்துப்போய், தோள் நடுங்கி, அவள் அழுதுகொண்டே நின்றாள். அதற்குப் பிறகு காலேஜ் முடிகிற வரைக்கும் எந்த வகுப்பிலும் செல்வி கை தூக்கவில்லை. டீச்சர் வேலைக்கான உத்தரவு கைக்கு வந்த அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். தன் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

முடிவு செய்வது சுலபம். இந்தப் பிள்ளைகள் போன வருஷம் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது முதல் மாதம் முழுக்கக் கல்லுப் பிள்ளையார்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தப்பாச் சொன்னாலும் பரவாயில்லை என்று செல்வி தொண்டை வற்றச் சொன்னாள். ஒரு கைகூட எழவில்லை. அப்புறம் ஆடி மாதத்தில் ஜிசேல் கேமராவோடு வந்த அன்று, என்ன மாயமோ, அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. செல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கி வந்து, "என் மானத்தைக் காப்பாத்திட்டீங்கடா கண்ணுங்களா" என்று பிள்ளைகளிடமே சொன்னாள். அன்றைக்கு உயர்ந்த கைகள் இன்றுவரை இறங்கவில்லை.

ஜிசேல் யார் என்று சொல்லிவிட வேண்டும். செல்வியோடு பி.எட். படித்தவள். அப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பிரெஞ்சு, தெருவில் தமிழ், காலேஜில் இங்கிலீஷ். படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு டாக்டர் பட்டம் வாங்கி, இப்போது ஆசிரியர்களை உருவாக்குகிற ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அறிவியலைப் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காகத்தான் செல்வியின் வகுப்பை ஒரு வருஷமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் போன் செய்தாள். "செல்வி, ஐதராபாத்துல பெரிய மாநாடு. அறிவியல் கல்வி ஆராய்ச்சிக்காரங்க எல்லாரும் வருவாங்க. பயிலரங்கம் நடத்த யோசனை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்காங்க. நம்ம ரெண்டு பேர் பேர்லயும் அனுப்பறோம்."

"நானா? அங்க எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க வருவாங்களேடி."

"பெரிய ஆளுங்களுக்கு ஒன்னோடது மாதிரி ஒரு வகுப்பு கெடையாது. அவங்க கட்டுரை வாசிப்பாங்க. நீ செஞ்சு காட்டப் போற."

பயிலரங்கம் என்றால் உரை இல்லையாம். வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசிக்கொண்டே இருந்தால் நிராகரித்துவிடுவார்களாம். வந்தவர்கள் கையால் ஏதாவது செய்ய வேண்டும், யோசிக்க வேண்டும், சண்டை போட வேண்டும். இது உண்மையிலேயே வகுப்பறையில் நடந்தது என்பதற்கு ஐந்து நிமிட வீடியோவும் இணைக்க வேண்டும். ஜிசேல் தலைப்பைக்கூட வைத்துவிட்டாள். 'பயமில்லாத அறிவியல் வகுப்பு.' செல்வி அந்தத் தலைப்பைத் தனக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரர் இராமதாசுக்குச் சோறு போடும்போதும் அதே பேச்சுதான். "மேடை ஏறினா மைக்கைப் புடிச்சுக்கினு எறங்க மாட்ட போலக்கீதே" என்று அவர் கேலி செய்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஏழாம் வகுப்பில் அழுதுகொண்டு நின்ற அந்தப் பெண்ணுக்காகத் தான் அந்த மேடையில் ஏறப்போவதாகவே அவளுக்குத் தோன்றியது.

யோசனையை அனுப்பக் கடைசி நாள் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. சனிக்கிழமை மத்தியானம் ஜிசேல் வீட்டுக் கூடத்தில் இருவரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்கள். சுவரில் ஜிசேலின் அப்பா மெடல் குத்திய சட்டையோடு முறைத்துக்கொண்டிருந்தார். எழுத வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது. ஐந்து நிமிடத் துண்டைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் பாக்கி.

"இந்த எடம்தான் பிரமாதம்" என்றாள் ஜிசேல்.

திரையில் செல்வி ஐஸ் கட்டி போட்ட டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர். "இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். சடசடவென்று கைகள் எழுந்தன. "கவிநிலா" என்றாள். கவிநிலா எழுந்து, காற்றில் இருக்கிற நீராவி குளிர்ந்து தண்ணீராக ஆனது என்றாள். திரையில் இருந்த செல்வி கை தட்டினாள்.

ஜிசேல் படத்தை நிறுத்தி, காபி கொண்டுவர உள்ளே போனாள். நின்றுபோன படத்தில் பிள்ளைகள் கைகளை உயர்த்தியபடி உறைந்திருந்தார்கள். செல்வி ஆசையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மூன்றாவது பெஞ்சில் சிந்துஜா. அவள் மாமா பாரிசிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெள்ளைக் கைக்கடிகாரம், உயர்ந்த கையில் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் கடிகாரத்தை சிந்துஜா இடது கையில் கட்டுவாள்.

செல்வி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த லூக்காவைப் பார்த்தாள். அவனும் இடது கை. அவனுக்குப் பின்னால் இருந்தவனும் இடது கை. செல்போனில் சில சமயம் படம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பிவிடுமே, அதுவாகத்தான் இருக்கும் என்று மனசு ஒரு நொடி ஆறுதல் தேடியது. கரும்பலகையைப் பார்த்தாள். அவள் எழுதின 'ஆவி சுருங்குதல்' நேராகவே இருந்தது. படம் திரும்பவில்லை.

வலது கை தூக்கியிருந்தவர்கள் கவிநிலாவும் இன்னும் நாலைந்து பேரும்தான். மீதிப் பேர் அத்தனையும் இடது.

அவள் அவசரமாக வேறொரு நாள் எடுத்த படத்தைத் திறந்தாள். அதிலும் அப்படியே. இன்னொன்று. அதிலும் அப்படியே. எல்லாப் படத்திலும் அவள் பெயர் சொல்லி எழுப்பிய பிள்ளை வலது கையைத் தூக்கின பிள்ளைதான். ஒரு தடவைகூட, தவறிக்கூட, இடது கையை அவள் கூப்பிடவில்லை.

ஜிசேல் காபியோடு வந்தபோது செல்வியின் முகம் வெளுத்திருந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். உப்பளம் மைதானத்தைத் தாண்டி வீடு வரைக்கும் நடந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. இராமதாஸ் வாங்கி வந்த சங்கரா மீன் குழம்பாகாமல் வெகுநேரம் அலசியபடியே கிடந்தது. ஒரு பிள்ளை இடது கை தூக்கினால் பழக்கம் என்று விடலாம். வகுப்பு முழுக்க எப்படி? அது போகட்டும். நான் எப்படி ஒரு தடவைகூட மாற்றிக் கூப்பிடாமல் இருந்தேன்? பதில் தெரிந்த பிள்ளை முன்னால் சாய்ந்து கண்ணைப் பார்க்கும், அதைத்தான் கூப்பிட்டிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்கு அன்று தன் முதுகு தெரிந்துவிட்டது, அதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில் சிந்துஜாவைத் தனியாகக் கூப்பிட்டாள். பெண் தட்டைக் கழுவிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தது.

"நீ ஏம்மா எப்பவும் எடது கையத் தூக்கற?"

சிந்துஜா ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். "தெரியலன்னா எடதுதான மிஸ்."

"யாரு சொன்னா அப்படி?"

"கன்னியப்பன் சார். அஞ்சாவுது படிக்கும்போது. இன்ஸ்பெக்சனுக்கு யாரனா வந்தா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது, தெரியாதவங்க எடது. சார் வலது கையத்தான் கேப்பாரு. அந்த மேடம் கேமரா எடுத்தாந்தப்போ இன்ஸ்பெக்சன்னு நெனச்சி எல்லாரும் தூக்கினோம் மிஸ். லூக்காதான் கண்ணக் காட்டினான்."

"சரி, அன்னிக்கு இன்ஸ்பெக்சன்னு நெனச்சீங்க. அப்புறமும் ஏன் தூக்கறீங்க?"

"நீங்க அழுதீங்களே மிஸ். மிட்டாய்லாம் குடுத்தீங்க. அதான் தெனமும் அப்படியே தூக்கலாம்னு பேசிக்கினோம்." அவள் சொல்லிக்கொண்டே வந்து, டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "ஒங்களுக்குத் தெரியாதா மிஸ்? வலது கையத்தான நீங்க கூப்புடுவீங்க? ஒங்களுக்குத் தெரியும்னுதான் எல்லாரும் நெனச்சிக்கினு இருக்கோம்."

"நீ போ, சாப்பாட்டு மணி முடியப் போவுது" என்று மட்டும் சொன்னாள் செல்வி.

ஜிசேலுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். "மோன் தியே" என்றாள் ஜிசேல். கடவுளே என்று அர்த்தம். அதிர்ச்சி என்றால் அவளுக்கு வீட்டு மொழியான பிரெஞ்சில்தான் வரும்.

"ஒரு வருஷம் நானும் பாத்திருக்கேன். எனக்கும் தெரியல பாரு" என்றாள் பிறகு. "சரி, கவிநிலா பேசற எடத்தை மட்டும் கிட்டத்துல வெட்டி எடுத்துடலாம். கை எதுவும் தெரியாது."

"அது பொய்யி ஜிசேல்."

"பொய்தான். ஒத்துக்கறேன்." அவள் யோசித்தாள். யோசனை பிறந்ததும் குரலே மாறிவிட்டது. "ஏய், இரு இரு. இது அதவிடப் பெரிய விஷயம்டி! தலைப்பையே மாத்திடுவோம். 'இடது கைகள்.' வந்தவங்களுக்கு மொதல்ல வீடியோவப் போட்டுக் காட்டறோம். எல்லாரும் ஆகா ஓகோம்பாங்க. அப்பறம் நிறுத்தி, எந்தக் கைன்னு பாருங்கன்னு சொல்றோம். அத்தனை பேரும் அசந்துடுவாங்க. இந்த மாதிரி பயிலரங்கத்த எந்த நாட்டுலயும் எவனும் நடத்தியிருக்க மாட்டான்."

அது நடக்கும் என்று செல்விக்கும் தெரிந்தது. கூடமே அசந்துபோகும். பெரிய திரையில் சிந்துஜாவின் கடிகாரக் கையைச் சுற்றி ஜிசேல் ஒரு வட்டம் போடுவாள். லூக்காவின் கையைச் சுற்றி ஒரு வட்டம். தெரியாதவர்கள் யார் யார் என்று முன்பின் தெரியாத ஆட்கள் எண்ணிப் பார்ப்பார்கள். சிலர் சிரிக்கவும் செய்வார்கள். மணி அடிக்கிற வரைக்கும் என்றுதான் அந்த வாத்தியார் செல்வியை நிற்க வைத்தார். இந்தப் பிள்ளைகளின் கை அந்தப் படத்தில் இறங்கவே இறங்காது.

"புள்ளைங்க நம்மள நம்பி எடுக்க விட்டாங்க அந்த வீடியோவ" என்றாள்.

"மொகத்த மறச்சிடலாம்."

"எதுக்கு மறைக்கணும்? அவங்க மேல என்ன தப்பு?" செல்விக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. "நான் இன்னும் அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கடைசி பீரியட் எனக்கு அந்த வகுப்புதான். கேட்டுட்டுச் சொல்றேன்."

"அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க செல்வி. நான் கம்ப்யூட்டர் முன்னாடியே ஒக்காந்திருப்பேன். நாலரைக்கு நானே போன் பண்றேன்."

கடைசி பீரியடில் செல்வி வகுப்புக்குள் நுழைந்தபோது வழக்கமான "குட் ஆஃப்டர்நூன் மிஸ்" கொஞ்சம் சுருதி குறைந்து கேட்டது. விஷயம் பரவிவிட்டது. பிள்ளைகள் டீச்சரைப் பார்ப்பதும் சிந்துஜாவைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். சிந்துஜா தலையைக் குனிந்திருந்தாள். லூக்கா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். காட்டிக் கொடுத்துவிட்டாய் என்று அந்த முதுகு சொன்னது.

"யாரும் சிந்துஜாவ ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று தொடங்கினாள் செல்வி. "அவ தப்பு எதுவும் செய்யல. நீங்களும் செய்யல. இந்த வலது கை எடது கை எல்லாம் இன்னையோட வேணாம். தெரிஞ்சா தூக்குங்க. தெரியலன்னா தூக்க வேணாம். தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. சரியா?"

"சரிங்க மிஸ்."

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். எளிமையான கேள்வியாகத்தான் கேட்டாள். ஈரத் துணி வெயிலில் காய்கிறதே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கவிநிலாவின் கை எழுந்தது. பின்னால் இன்னும் இரண்டு. மீதி வகுப்பு கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தது. வாயைத் திறந்து தெரியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷமாகத் தான் பாடம் நடத்திய வகுப்பு இதுதான் என்று செல்வி அன்றைக்குத்தான் பார்த்தாள். பாடமே போய்ச் சேரவில்லை. பாடப் புத்தகம் தமிழிலிருந்து இங்கிலீசுக்கு மாறிய பிறகு பாதிப் பேருக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. எல்லாக் கையும் எழுந்ததால் அவளும் அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஆனால் அவள் கேட்க வந்தது அதுவல்ல. பாடம் போனால் திரும்ப நடத்திக்கொள்ளலாம். இன்னொன்று மட்டும் மிச்சம் இருந்தால் போதும் என்று அவள் மனசு கெஞ்சிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அறிவியல் தெரியாமல் போகட்டும், என்னைக் கண்டு பயப்படாமல் இருக்கட்டும்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன். இது பாடம் இல்ல. உண்மையச் சொல்லணும்." குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. "என்கிட்ட பயம் இல்லாதவங்க மட்டும் கை தூக்குங்க."

சடசடவென்று கைகள் எழுந்தன. பழைய வேகம். பழைய அழகு. ஒரு நொடி அவள் நெஞ்சு குளிர்ந்தேவிட்டது. பிறகுதான் கைகளைப் பார்த்தாள்.

இடது. இடது. இடது. கவிநிலாகூட இடது. தூக்கச் சொன்னதற்காக மட்டும் தூக்கிய கைகள்.

சிந்துஜா மட்டும் எந்தக் கையையும் தூக்கவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிந்துஜா" என்றாள் செல்வி. அந்தப் பெயரை அவள் வகுப்பில் ஒரு கேள்விக்காகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "நீ சொல்லும்மா. பயமா இருக்குதா?"

சிந்துஜா எழுந்து நின்றாள். கடிகாரத்தைத் திருகிக்கொண்டே நின்றாள். "இருக்குது மிஸ்."

"நான் அடிச்சிருக்கனா? திட்டியிருக்கனா?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் என்ன பயம்?"

"எங்களுக்குத் தெரியலன்னா..." சிந்துஜா டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும் மிஸ். ஆறாவுதுல மொத மாசம் முழுக்க அப்படித்தான் இருந்துச்சு. தெனமும் பாவமா இருக்கும். அதான் எல்லாருக்கும் பயம்."

மேசைமேல் இருந்த போன் அதிர ஆரம்பித்தது. ஜிசேல்தான். செல்வி அதை எடுக்கவில்லை. அனுப்பு என்று சொல்ல இனி அவளால் முடியாது, எந்தத் தலைப்பிலும் முடியாது. சரி உட்காரும்மா என்று சிந்துஜாவிடம் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். உதடு துடித்தது. எவ்வளவு அடக்கியும் முகம் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்தார்கள். லூக்காதான் முதலில் கண்ணைக் காட்டினான். இடது கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அத்தனை வலது கைகளும் மேலே எழுந்தன.